குடியாத்தத்துக்கு நான் வர மாட்டேன்

கார்த்தி,

நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று எழுதித் தொடங்க எனக்கு மனசு வரவில்லை. சங்கீதா குடியாத்தத்தில் அவள் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள், சத்துவாச்சாரி வீட்டில் நீ தனியாக ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு கிடக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். எனக்குப் போனில் பேச வராது. ஷூ கம்பெனி பஸ்ஸை ஓட்டி ஓட்டியே வயசான ஆள் நான். வண்டி நிறைய பெண்கள் பேசுவார்கள், டிரைவர் பேசக்கூடாது. அதிலேயே பழகிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ சங்கீதாவிடம் காட்டலாம், உன் மாமனாரிடம் காட்டலாம், உன் ஆபீசில் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். மறைத்து வைக்கிற மாதிரி இதில் ஒன்றும் எழுதப் போவதில்லை. மறைத்ததெல்லாம் போதும்.

நீ கேட்டது இதுதான். "ஒரே ஒரு வாட்டி குடியாத்தம் வந்து, மலருக்கு ஃபிட்ஸ் இருக்கறத மறைக்கச் சொன்னது நான்தான்னு மாமாகிட்ட சொல்லிடுப்பா. உனக்கு இன்னா போவுது?" அந்தக் கடைசி வார்த்தை என் காதிலேயே நிற்கிறது. எனக்கு என்ன போகிறது என்று நான் மூன்று நாளாக வண்டி ஓட்டும்போதெல்லாம் யோசித்துப் பார்த்தேன். மாதனூரில் ஏறுகிற பெண்கள், "இன்னாண்ணா, ஒரு மாதிரி இருக்கீங்க" என்று கேட்கிற அளவுக்கு யோசித்தேன். யோசித்ததை எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

உன் தங்கச்சிக்கு முதல் முதலில் வலிப்பு வந்தது அவள் ஏழாவது படிக்கும்போது, பள்ளிக்கூடத்து மைதானத்தில். அப்போது உங்கம்மா இருந்தாள். வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் பார்த்தார், தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள், மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வந்தபோது எங்களுக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான்: மாத்திரை போடணும். எத்தனை நாளைக்கு, ஒரு வேளை விட்டால் என்ன ஆகும், வாந்தி எடுத்தால் திரும்பப் போடலாமா, அவளைத் தனியாகக் குளிக்க விடலாமா, எதுவும் தெரியாது. டாக்டரைக் குறை சொல்லவில்லை. அவர் வாசலில் ஊரே உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நாள் சரியாக இருந்தால் மாத்திரையைக் குறைத்தோம், திரும்ப வந்தால் பயந்துபோய்க் கூட்டினோம். அடுத்த வருஷம் உங்கம்மா மஞ்சள் காமாலையில் போனபின், அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் திக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் ரோஸ்லின் சிஸ்டரிடம் அனுப்பினார்கள். நர்ஸ் என்றால் ஊசி போடுவார், ட்ரிப்ஸ் ஏற்றுவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்தம்மாவுக்கு வேலையே வலிப்பு வந்தவர்களோடு பேசுவதுதான். உனக்கு ஞாபகம் இருக்கும், ஓபி வராந்தாவின் கடைசியில் அந்தச் சின்ன ரூம், நாலு பிளாஸ்டிக் நாற்காலி. முதல் நாள் மலரிடம் நோயைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. ராத்திரி எப்போது தூங்குகிறாய், காலையில் சாப்பிடுகிறாயா, எந்தப் பாடம் பிடிக்கும் என்றுதான் கேட்டார். பிறகு என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளோடு தனியாகப் பேசினார். வயசுக்கு வந்த பெண், அம்மா இல்லாத வீடு. மாசத்தில் அந்த நாட்களை ஒட்டித்தான் வலிப்பு ஜாஸ்தி வருகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னது அவர்தான். என்னிடம் அந்தப் பெண் எப்படிச் சொல்லியிருப்பாள்? சிஸ்டர் அதை டாக்டரிடம் சொல்லி, மருந்தை மாற்றி எழுத வைத்தார். அதற்கப்புறம்தான் வாரத்துக்கு ஒன்று என்று வந்தது மாசத்துக்கு ஒன்றாகி, பிறகு எப்போதோ ஒன்று என்று ஆனது.

அந்த ரூமில் நல்ல மாணவன் யார் தெரியுமா? நீதான். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாய். வலிப்பு வந்தால் எப்படி ஒருக்களித்துப் படுக்க வைப்பது என்று சிஸ்டர் ஒரு தலையணையை வைத்துக் காட்டினார். எனக்கு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. நீ ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாய். கையில் சாவி கொடுக்கக் கூடாது, வாயில் எதையும் திணிக்கக் கூடாது, அசைகிற கையைப் பிடித்து அமுக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்க்கணும், ஐந்து நிமிஷம் தாண்டினால் மூக்கில் ஸ்ப்ரே அடிக்கணும். நீ வீட்டுக்கு வந்து எனக்குப் பாடம் எடுத்தாய். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தடவை இரும்புக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தபோது, "மாமா, அதைக் கொண்டுபோய் குழம்புல போடுங்க" என்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. எவ்வளவு பெருமையாக இருந்தது எனக்கு. நான் வண்டியில் இருக்கும் நேரத்தில் நீ வீட்டில் இருக்கிறாய் என்ற ஒரே தைரியத்தில்தான் அத்தனை வருஷம் ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

மலர் நம்ம கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்தபோதும் சிஸ்டர்தான் நின்றார். ஃபிட்ஸ் என்று சொன்னால் வேலை கிடைக்காது, சொல்லாமல் சேர்ந்துவிடலாம் என்று பலர் சொன்னார்கள். சிஸ்டர் மலரிடம் கேட்டார்: "நீ என்ன சொல்ற? உன் விஷயம், நீ சரின்னாதான் நான் பேசுவேன்." அவள் சரி என்றதும் கம்பெனியில் பேசினார். தையல் மிஷினிலும் தோல் சீவுகிற மிஷினிலும் உட்கார வைக்க வேண்டாம், செக்கிங் டேபிளில் போடுங்கள் என்றார். ஒரு நாள் நேரில் வந்து சூப்பர்வைசருக்கும் அவளோடு வேலை செய்கிற பெண்களுக்கும் என்ன செய்யணும் என்று சொல்லிக் கொடுத்தார். அங்கே அவளுக்கு இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் அந்தப் பெண்களே பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தரும் அவளைக் கேவலமாக நினைக்கவில்லை. இன்றைக்கும் என் பஸ்ஸில்தான் வருகிறாள், முன் சீட்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்டு.

இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரிந்தவன் நீ என்பதற்காகத்தான் எழுதுகிறேன். தெரியாதவன் செய்திருந்தால் நான் இவ்வளவு நாள் இப்படிக் கிடந்து புழுங்கியிருக்க மாட்டேன்.

குடியாத்தத்திலிருந்து சங்கீதாவின் ஜாதகம் வந்தபோது நான் உன்னிடம் முதலில் சொன்னது என்ன? பூ வைக்கிறதுக்கு முன்னாடி மலர் விஷயத்தைச் சொல்லிடணும் என்றேன். அவர்கள் லுங்கி தறி வைத்துக் கௌரவமாக வாழ்கிறவர்கள், நாளைக்குத் தெரிந்து வருத்தப்படக் கூடாது என்றேன். நீ சொன்னாய்: "நீ சொன்னா ஒரு மாதிரி ஆய்டும்பா. நானே பக்குவமா சொல்றேன்." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இரண்டு நாள் கழித்து நானே கேட்டேன். "சொல்லிட்டேன்பா. அவங்க ஒண்ணும் நெனைக்கல, நல்ல மாதிரி" என்றாய். நிச்சயதார்த்தத்தில் சங்கீதாவின் அப்பா மலரைப் பார்த்து, "நல்லா சாப்பிடும்மா, ஒல்லியா இருக்கியே" என்று இன்னொரு ஜாங்கிரி வைத்தார். தெரிந்தும் இவ்வளவு அன்பாக இருக்கிறாரே என்று எனக்குக் கண் கலங்கியது. அந்த மனுஷனுக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. என்னை எப்படி ஒரு பைத்தியக்காரனாக அந்தப் பந்தியில் உட்கார வைத்திருந்தாய் பார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் சிஸ்டரைப் பார்க்கப் போனோம். நீயும் வந்தாய். அங்கே நீ கேட்டாய், "ரெண்டு நாளைக்கு ஃபிட்ஸ் வராம இருக்கற மாதிரி ஏதாச்சும் டோஸ் ஜாஸ்தி பண்ணிக் குடுக்க முடியுமா சிஸ்டர்?" அவர் முடியாது என்றார். நாமே மாத்திரையைக் கூட்டினால் அவள் நாள் முழுக்கத் தள்ளாடிக்கொண்டு தூங்குவாள், அண்ணன் கல்யாணத்தை அவளும் பார்க்க வேண்டாமா என்றார். வேளைக்குச் சாப்பாடு, வேளைக்கு மாத்திரை, ராத்திரி சீக்கிரம் தூக்கம், அது போதும், மீறி வந்தால் ஸ்ப்ரே அப்பா சட்டைப்பையில் இருக்கட்டும் என்றார். பிறகு உன்னைப் பார்த்துக் கேட்டார்: "பொண்ணு வீட்ல சொல்லியாச்சா தம்பி?" நீ கண்ணை எடுக்காமல் சொன்னாய்: "சொல்லியாச்சு சிஸ்டர். நிச்சயத்துக்கு முன்னாடியே." மலர் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சொன்ன பொய்யையாவது ஒரு மாதிரி தாங்கிக்கொள்கிறேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அந்தம்மாவின் முகத்தைப் பார்த்து எப்படிடா சொன்னாய்?

ஆம்பூர் பைபாஸ் மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயந்திரம் நடந்ததை நீயும் நானும் ஒரே மாதிரி ஞாபகம் வைத்திருக்கிறோமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன். ரிசப்ஷன் நடந்துகொண்டிருந்தது. நீயும் சங்கீதாவும் மேடையில். கச்சேரிக்காரர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். மலர் வந்தவர்களுக்குச் சந்தனமும் கல்கண்டும் நீட்டிக்கொண்டிருந்தவள், ஒரு பக்கமாகத் தலையைத் திருப்பினாள். எனக்குத் தெரியும் அந்தத் திருப்பம். நான் ஓடுவதற்குள் விழுந்துவிட்டாள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு என் துண்டைச் சுருட்டி வைத்து, கடிகாரத்தைப் பார்த்தேன். நிற்கவில்லை. ஐந்து நிமிஷம் ஆனது. சட்டைப்பையிலிருந்து ஸ்ப்ரேயை எடுத்தேன்.

அப்போது நீ மேடையிலிருந்து இறங்கி வந்தாய். அப்பாடா, என் மகன் வந்துவிட்டான் என்று நினைத்தேன் கார்த்தி. என்னைவிட இவன் சரியாக அடித்துவிடுவான் என்று நினைத்து அதை உன் பக்கம் நீட்டினேன். நீ வாங்கினாய். வாங்கி உன் கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாய். "வேணாம்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்று என் காதில் சொன்னாய். பிறகு நிமிர்ந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஒண்ணுமில்ல, மயக்கம். காலையிலேர்ந்து சாப்பிடல" என்றாய். பெண் வீட்டில் ஒருத்தர், "ஃபிட்ஸ் மாதிரி இருக்கேப்பா, முன்னாடி வந்திருக்கா?" என்று கேட்டார். "இல்லண்ணா, வந்ததே இல்ல" என்றாய். அவர் சாவிக்கொத்தை எடுத்து மலரின் கையில் திணித்து அமுக்கினார். நீ பார்த்துக்கொண்டு நின்றாய். கரண்டியைக் குழம்பில் போடச் சொன்ன பையன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. சிஸ்டருக்குப் போன் போட்டேன். எடுத்த உடனே, "எவ்ளோ நேரமா அப்பா?" என்றார். சொன்னேன். "ஸ்ப்ரே அடிச்சீங்களா?" "இல்ல சிஸ்டர். கார்த்தி வாங்கி வெச்சிக்கினான்." "ஸ்பீக்கர்ல போடுங்க" என்றார். போட்டேன். "கார்த்தி, ரோஸ்லின் சிஸ்டர் பேசறேன். ஸ்ப்ரேயை அப்பாகிட்ட குடு. இப்பவே குடு." அந்தக் கூட்டமே கேட்டது. சங்கீதா அதற்குள் கீழே வந்திருந்தாள். "யாருங்க அது?" என்று உன்னைக் கேட்டாள். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? "தெரியல" என்றாய். பத்து வருஷமாக உன் தங்கச்சியை உயிரோடு வைத்திருக்கிறவரை, உன்னை வாய்க்கு வாய் தம்பி என்று கூப்பிட்டவரை, தெரியல என்றாய்.

சங்கீதாதான் உன் பாக்கெட்டில் கையை விட்டாள். கை நிறைய மருதாணி, தலையில் அத்தனை பூ, ஆயிரம் பேர் பார்க்கிறார்கள் என்று அவள் நினைக்கவில்லை. எடுத்து என்னிடம் கொடுத்து, "என்ன பண்ணணுமோ பண்ணுங்க மாமா" என்றாள். மூக்கில் அடித்தேன். சிஸ்டர் போனை வைக்கவே இல்லை. சாவியை எடுக்கச் சொன்னார், கழுத்துச் சங்கிலியைத் தளர்த்தச் சொன்னார், வீடியோக்காரரின் லைட்டை அணைக்கச் சொன்னார், மூச்சு எப்படி வருகிறது என்று என்னைச் சொல்ல வைத்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் உடம்பு தளர்ந்தது. நின்றுவிட்டது. 108 வந்ததும், நேராக வேலூருக்கே கொண்டு வாங்க, நான் சொல்லி வைக்கிறேன் என்றார்.

ஆஸ்பத்திரிக்கு நீ வந்தாய். இல்லை என்று சொல்லவில்லை. சங்கீதாவின் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தாய். நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது தூணுக்கு அந்தப் பக்கம் உன் குரல் கேட்டது. "நான் எவ்ளோவோ சொன்னேன் மாமா, சொல்லிடலாம்னு. அப்பாதான் கேக்கல. பொண்ணு கெடைக்காதுன்னு பயந்துட்டாரு. என் தலைமேல சத்தியம் வாங்கிட்டாரு." நான் கையில் பாட்டிலோடு நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். "உங்களப் பெரிய மனுஷன்னு நெனச்சேன் சம்பந்தி" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. நீ என்னைப் பார்த்தாய். வாயைத் திறந்துவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினாய். விடிந்தால் முகூர்த்தம். உள்ளே ஒரு பிள்ளை மயக்கத்தில் கிடக்கிறது, வெளியே ஒரு பிள்ளையின் கல்யாணம் என் நாக்கில் நிற்கிறது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

உன் கல்யாணத்தை நான் பார்க்கவில்லை. அதை நீ யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை என்று கேள்விப்பட்டேன். என் இடத்தில் உன் சித்தப்பா நின்று தாரை வாங்கினார். பெண் வீட்டுக்காரர்கள் என் முகத்தைப் பார்க்கப் பிரியப்படவில்லை என்று நீ போனில் சொன்னாய், நானும் மலரை விட்டு வர முடியாது என்றேன். அந்த நேரத்தில் நான் வார்டில் மலரின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவள் எழுந்து இட்லி கேட்டாள். ரோஸ்லின் சிஸ்டர் வந்தார். அவருக்கு அன்றைக்கு லீவு, ஆனாலும் வந்தார். கட்டிலில் உட்கார்ந்து, மலரின் கையைப் பிடித்துக்கொண்டு, குற்றம் கண்டுபிடிக்கிற மாதிரி இல்லாமல் சாதாரணமாகக் கேட்டார்: "மாத்திரை கடைசியா எப்போ போட்டம்மா?"

மலர் என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "முந்தாநாள் காலையில சிஸ்டர். மண்டபத்துல அண்ணி வீட்டு ஆளுங்களோட ஒரே ரூம். அவங்க எதிர்ல மாத்திரை போடாத, யாரும் இல்லாதப்போ போடுன்னு அண்ணன் சொல்லிச்சு. எப்பவும் யாராவது இருந்துக்கினே இருந்தாங்க." சிஸ்டர் என் பக்கம் திரும்பி, "அவங்களுக்குத் தெரியும்னு தம்பி சொன்னாரே அப்பா" என்றார். அதே நேரத்தில் நீ தாலி கட்டிக்கொண்டிருந்திருப்பாய்.

அந்த மாத்திரைப் பெட்டியை அவள் தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்திருந்திருக்கிறாள் கார்த்தி. நான் ஒவ்வொரு வேளையும் "போட்டியாம்மா" என்று கேட்டேன். "போட்டேன்பா" என்றாள். என் பெண் என்னிடம் சொன்ன முதல் பொய் அது. அதையும் நீதான் சொல்ல வைத்தாய்.

அதற்குப் பிறகு இந்த ஏழெட்டு மாசம் நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. தீபாவளிக்கு உன் மாமனார் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. நீ வீடு குடிபோனபோது நான் வந்தேன், ஒரு மூலையில் சாப்பிட்டுவிட்டு வந்தேன், சங்கீதாவின் அம்மா என் இலைக்கு எதிரே வந்தவள் திரும்பிப் போனாள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். என் மகன் குடும்பம் நடத்துகிறான், கெட்ட பேர் என் தலையில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் இருந்தேன். நீ ஒரு நாளாவது வந்து, "அப்பா, தப்புப் பண்ணிட்டேன்" என்று என்னிடம் மட்டுமாவது சொல்வாய் என்று பார்த்தேன். நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை. போகப் போக நீயே நம்ப ஆரம்பித்துவிட்டாய் போலிருக்கிறது, நான்தான் மறைக்கச் சொன்னேன் என்று.

இப்போது நீ என்மேல் சொல்கிற புகாருக்கு வருகிறேன். நான் சங்கீதாவிடம் போட்டுக் கொடுத்துவிட்டேன் என்கிறாய். இல்லை. போன மாசம் மலரின் செக்கப்புக்குப் போயிருந்தோம். அங்கே சங்கீதா தனியாக வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் பிள்ளை என்று எனக்கே அப்போதுதான் தெரியும். பிள்ளைக்கு இந்த நோய் வருமா என்று உன்னைக் கேட்டாளாம். அங்கெல்லாம் போகாதே, எதையாவது சொல்லிப் பயமுறுத்துவார்கள் என்றாயாம். பயத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் தூங்குவாள்? அன்றைக்குப் போனில் கேட்ட குரலைத் தேடிக்கொண்டு அவளே வந்துவிட்டாள். மலருக்கு அவளைப் பார்த்ததும் சந்தோஷம். அவர்கள் இரண்டு பேரும் உள்ளே போனார்கள். நான் மருந்து வாங்குகிற வரிசையில் நின்றேன். அதனால் உள்ளே நடந்தது மலர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மலரைப் பற்றிப் பேச மலர் சம்மதிக்கணும் என்று சிஸ்டர் முதலில் கேட்டிருக்கிறார். இவள் சரி என்றிருக்கிறாள். பிறகு சங்கீதாவுக்கு நிதானமாகச் சொல்லியிருக்கிறார்: மலருக்கு இருக்கிறது என்பதால் மட்டும் பயப்பட வேண்டாம், மலருக்கு வந்த விதம் அப்படி வழிவழியாக வருகிற வகை இல்லை, சந்தேகமிருந்தால் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று. சங்கீதா அழுதிருக்கிறாள். அழுதுகொண்டே, "இதை முன்னாடியே ஒருத்தர் சொல்லியிருந்தா நான் இவ்ளோ பயந்திருக்க மாட்டேனே சிஸ்டர். மாமா ஏன்தான் மறைக்கச் சொன்னாரோ" என்றாளாம். அது தன் வாயால் வரக்கூடாது என்று மட்டும் சிஸ்டர் சொன்னாராம். மலர்தான் சொன்னாள். "அப்பா சொல்லச் சொன்னாரு அண்ணி. இதே ரூம்ல, சிஸ்டர் கேட்டப்போ, சொல்லியாச்சுன்னு அண்ணன்தான் சொல்லிச்சு. நான் பக்கத்துல இருந்தேன்."

சங்கீதா கேட்ட ஒரே கேள்வி: "அப்போ மருந்தைப் பாக்கெட்ல வெச்சிக்கினு நின்னது? அதுவும் மாமா சொன்னதில்லையா?" நான் மருந்தோடு வந்தபோது அவள் எழுந்து நின்றாள். என் காலைத் தொடக் குனிந்தாள், வயிற்றுப் பிள்ளைக்காரி வேண்டாம் என்று தடுத்தேன். அன்றைக்கே குடியாத்தம் போய்விட்டாள் என்று அப்புறம்தான் கேள்விப்பட்டேன். அவள் கோபம் நோயைப் பற்றி இல்லை, நன்றாகப் புரிந்துகொள். நாளைக்கு அவளோ அவள் பிள்ளையோ நாலு பேர் எதிரில் விழுந்தால் நீ மருந்தை எடுப்பாயா, பாக்கெட்டில் போடுவாயா என்பதுதான் அவள் கேள்வி. அதற்குக் குடியாத்தம் வந்து நான் என்ன பதில் சொல்ல முடியும்?

ஒன்று சொல்கிறேன். கோபத்தில் சொல்லவில்லை, நீ அப்பாவாகப் போகிறவன் என்பதால் சொல்கிறேன். மறைக்கிற வீட்டில் மாத்திரையும் நேரத்துக்குப் போட முடியாது. இது நானாகக் கண்டுபிடித்ததில்லை. மலருக்கு மாப்பிள்ளை பார்க்கலாமா என்று நான் ஒரு தடவை கேட்டபோது சிஸ்டர் சொன்னது. தாராளமாகப் பாருங்க, ஆனால் மாமியார் எதிரில் தண்ணீர் எடுத்து மாத்திரை போடக்கூடிய வீடாகப் பாருங்க என்றார். உன் வீட்டில் சங்கீதா எதையும் ஒளித்து வைக்காமல் இருக்கட்டும். நீயும் இரு. வேறு புத்திமதி எனக்குத் தெரியாது.

சிஸ்டரிடம் உன்னைப் பற்றிக் கொட்டித் தீர்த்தேன். அந்தம்மாவும் என்னோடு சேர்ந்து உன்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் திட்டவில்லை. "பயந்துட்டாருப்பா. நோய் இருக்கறவங்களை விட, கூட இருக்கறவங்க ஜாஸ்தி பயந்து போறதை நான் தினமும் பாக்கறேன். ஒரு நாள் கூட்டிக்கினு வாங்க, பேசலாம்" என்றார். நீ "தெரியல" என்று சொன்னது அந்தப் போன் வழியாக அவர் காதிலும் விழுந்திருக்கும். அப்படியும் கூட்டிக்கொண்டு வா என்கிறார். எனக்கு அந்த மனசு இல்லை. அவர் நர்ஸ், எத்தனையோ பேரைப் பார்க்கிறவர். நான் உன் அப்பன். எனக்கு நீ ஒருத்தன்தான்.

அதனால் குடியாத்தத்துக்கு நான் வர மாட்டேன். மலரிடமும் கேட்டேன். "போய்ச் சொல்லிட்டு வாப்பா, அண்ணிக்கு நாள் நெருங்குது, அண்ணன் பாவம்" என்றாள். அவள் அப்படிச் சொன்ன பிறகுதான் நான் முடிவே பண்ணினேன், போவதில்லை என்று. எல்லாவற்றையும் அந்தப் பெண்ணே தாங்கிக்கொண்டிருக்கிறாள். எனக்கு என்ன போகிறது என்று கேட்டாயே, இதுதான் போகிறது. நான் அங்கே வந்து நான்தான் மறைக்கச் சொன்னேன் என்றால், மறைக்க வேண்டிய பெண்தான் மலர் என்று அவள் அப்பனே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். அதை நான் செத்தாலும் சொல்ல மாட்டேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை மலரைக் கூட்டிக்கொண்டு சிஸ்டரிடம் போகிறேன். ஸ்ப்ரே எப்படி அடிப்பது என்று சங்கீதா கற்றுக்கொள்ள வருகிறாள். தன் பிரசவத்தின்போது மலர் கூட இருக்கணும் என்று அவளே கேட்டிருக்கிறாள். பெண்ணைத் தனியாக அனுப்ப மனசில்லாமல் அவள் அப்பாவும் வரலாம். நீ வருவதானால் வா. வந்து, நடந்ததை நடந்த மாதிரி நீயே உன் வாயால் சொல். முதலில் மலரிடம் சொல், பிறகு மற்றவர்களிடம். என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. கேட்டால் கொடுத்துத்தான் ஆகணும், எனக்கு இன்னும் கொடுக்க வரவில்லை. உள்ளே வந்தால் மலர் பக்கத்தில் உட்கார். என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தாலும் உட்காராதே.

அப்பா